நடுவில் ஆறிக் கிடக்கும் சோறு: மைக்ரோவேவில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடியில் என் சித்தி இருக்கிறார். மைக்ரோவேவின் பொத்தானை அழுத்திய கையோடு குசினியை விட்டு வெளியே வந்துவிடுவார். நான் உள்ளே நின்றால் கூப்பிடுவார். "தம்பி, அதுக்குக் கிட்ட நிக்காதை. கதிர் படும்."

அன்றைக்கு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது முதல் நாள் சமைத்த நண்டுக் கறி. அதை வைத்திருந்தது ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடியை மட்டும் கழற்றி, அப்படியே வைத்துவிட்டார். மூன்று நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தபோது, எண்ணெய் மிதந்த மட்டத்தில் பெட்டியின் உட்பக்கம் ஒரு சுற்று நெளிந்திருந்தது. கழுவியபின் விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. ஓரத்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, நடுவில் கரண்டியை விட்டால் சில்லென்றிருந்தது.

அந்தக் கறியை வைத்துத்தான் இதை எழுதத் தோன்றியது. கதவைத் தாண்டி வராத அலைக்குப் பயந்து அடுத்த அறைக்குப் போகிறோம். கறிக்குள் இறங்கும் பிளாஸ்டிக்கும், நடுவில் சூடேறாமல் கிடக்கும் உணவும் கண்ணில் படுவதில்லை. சித்தி மட்டுமில்லை, கொழும்பில் நான் பார்த்த அலுவலகக் குசினிகளிலும் இதே கதைதான்.

இங்கே மைக்ரோவேவ் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. 2021 கடைசியில் எரிவாயு சிலிண்டர்களும் அடுப்புகளும் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2022இல் சிலிண்டருக்காக வீதியோரம் நீண்ட வரிசைகளில் நின்றோம். அந்த வருடம் மின்வெட்டும் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது உண்மைதான். ஆனாலும் கரண்ட் இருக்கிற நேரத்திலாவது எதையாவது சூடாக்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அப்போதுதான் மைக்ரோவேவ் வாங்கினார்கள். அவசரத்தில் வந்த பொருள் என்பதால், அதற்கான பாத்திரங்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வீட்டில் இருந்ததையே உள்ளே வைத்தார்கள்.

அலை என்ன செய்கிறது?

இந்த அடுப்புக்குள் அலையை உண்டாக்குவது மக்னெட்ரோன் என்ற குழல். இது சமையலுக்காகப் பிறந்ததே இல்லை. 1940இல், யுத்த காலத்தில், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரன்டல், ஹரி பூட் என்ற இருவர் ராடாருக்காக ஆற்றல் மிகுந்த ஒரு மக்னெட்ரோனை உருவாக்கினார்கள். 1945இல் அமெரிக்காவின் ரேதியோன் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியியலாளர், இயங்கிக்கொண்டிருந்த மக்னெட்ரோனுக்கு அருகில் நின்றபோது தன் சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரம், எடை 340 கிலோ அளவில். மேசை மேல் வைக்கக்கூடிய வீட்டு அடுப்பு அமெரிக்காவில் பரவலாக வந்தது 1967க்குப் பிறகுதான்.

வீட்டு அடுப்பில் இந்த அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹேர்ட்ஸ். மின்புலம் செக்கனுக்கு 245 கோடி தடவை முன்னும் பின்னும் திசை மாறுகிறது என்று அர்த்தம். தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர் மின்னும் மறுபக்கம் சற்று எதிர் மின்னும் இருப்பதால், புலம் மாறும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பப் பார்க்கும். அந்த இழுபறியில் பக்கத்து மூலக்கூறுகளோடு மோதிச் சூடு பிறக்கிறது. எண்ணெயும் சீனியும்கூட ஓரளவு இப்படிச் சூடாகும். உப்புத் தண்ணீர் இன்னும் வேகமாக.

உடலுக்குள் புகுந்து மரபணுவை உடைக்கும் கதிர் வேறு. எக்ஸ்ரே, காமா கதிர் போன்றவற்றுக்கு அந்த ஆற்றல் உண்டு. மைக்ரோவேவ் அலைக்கு ஒரு மூலக்கூறின் பிணைப்பை அறுக்கும் அளவுக்குச் சக்தி கிடையாது, சூடாக்க மட்டும்தான் முடியும். அடுப்பு நின்றதும் அலையும் நின்றுவிடும். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை, அதுபோலத்தான். உணவுக்குள் எதுவும் மிச்சம் இருக்காது. சத்துப் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். கீரையையோ போஞ்சியையோ நிறையத் தண்ணீரில் அவித்து வடிப்பதைவிட, சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சில நிமிடத்தில் இதில் வேக வைத்தால் விற்றமின் சி கூடுதலாகவே மிஞ்சும்.

சரி, கதவால் வெளியே வராதா? கதவின் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் பொட்டுப் பொட்டாகத் துளையிட்ட ஓர் உலோகத் தகடு தெரியும். துளை ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர்தான். இந்த அலையின் நீளமோ சுமார் 12 சென்ரிமீற்றர். அவ்வளவு நீளமான அலை அந்தத் துளையால் வெளியேற முடியாது. நமக்கு உணவு தெரிகிற வெளிச்சத்தின் அலைநீளம் மிகமிகச் சின்னது, அது தாராளமாக வரும். அமெரிக்க விதிப்படி, அடுப்பின் ஆயுள் முழுக்க, அதன் மேற்பரப்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது. அதுவும் தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும். 5 சென்ரிமீற்றரில் இருந்தது 50 சென்ரிமீற்றரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். கதவைத் திறந்த கணத்தில் மக்னெட்ரோனை நிறுத்தும் சுவிட்சுகளும் உள்ளே இருக்கின்றன.

அதனால் கதவின் நிலைதான் முக்கியம். பிணைச்சல் தளர்ந்திருந்தால், கதவு கோணலாக மூடினால், விளிம்பில் கறி காய்ந்து தடித்துப்போயிருந்தால், உள்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அந்த அடுப்பைப் பாவிக்க வேண்டாம். கடற்காற்று நேராக அடிக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் துரு சீக்கிரம் வரும். நீராவி தங்கினால் இன்னும் சீக்கிரம். சமைத்து முடிந்ததும் உட்சுவரைத் துடைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போதும். கைத்தொலைபேசியை உள்ளே வைத்து மூடி, அழைப்பு வருகிறதா என்று சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி மணி அடித்தாலும் அதிலிருந்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அலைபேசி மிகப் பலவீனமான சமிக்ஞையையும் பிடிக்கும் கருவி. தவறி யாராவது பொத்தானை அழுத்திவிட்டால் தொலைபேசியும் போகும், அடுப்பும் போகும்.

ஓரம் கொதிக்கும், நடு குளிரும்

சித்தியின் கறி நடுவில் குளிர்ந்து கிடந்ததற்கு அடுப்பின் பழுது காரணமில்லை. அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு உள்ளே இருப்பது, வெளிப்பக்கச் சூடு மெல்ல மெல்ல நகர்ந்து வந்துதான் சூடாக வேண்டும். தவிர, பெட்டிக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால் சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. இந்த மேடு பள்ளங்களுக்கு இடையிலான தூரம் சுமார் ஆறு சென்ரிமீற்றர். இதைச் சமாளிக்கத்தான் அடியில் தட்டு சுற்றுகிறது. சுற்றினாலும் நடுப்புள்ளி நடுப்புள்ளியிலேயே நிற்கிறது, அதனால் சின்னக் கிண்ணத்தைத் தட்டின் ஓரமாக வைப்பது நல்லது.

குளிரூட்டியில் உறைந்ததை எடுத்து நேரே முழு வலுவில் வைப்பது இன்னும் மோசம். பனிக்கட்டி இந்த அலையை அவ்வளவாக உறிஞ்சாது. ஓரத்தில் ஒரு துளி உருகியவுடன் அந்தத் துளி அலையை இழுத்துக்கொண்டு கொதிக்கத் தொடங்கும், பக்கத்தில் இருப்பது கட்டியாகவே இருக்கும். குறைந்த வலுவில் உருக வைப்பதற்குக் காரணம் இதுதான். பழைய வகை அடுப்புகளில் பாதி வலு என்றால் அலை பாதியாவதில்லை. மக்னெட்ரோன் சில செக்கன் முழுதாக இயங்கி, சில செக்கன் நின்று, மறுபடி இயங்கும். காதைக் கொடுத்தால் அந்த உறுமல் வருவதும் நிற்பதும் கேட்கும். அது நிற்கும் இடைவெளியில்தான் சூடு உள்ளே பரவுகிறது.

சோற்றைத் தட்டில் கோபுரமாகக் குவிக்காமல், நடுவில் குழி விட்டு வட்டமாகப் பரப்புங்கள். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், மூடியில் நீராவி போகச் சின்ன இடைவெளி இருக்கட்டும். பாதி நேரத்தில் கிளறுங்கள். மணி அடித்தபின் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். கொழும்பு அலுவலகக் குசினியில் பின்னால் ஐந்து பேர் நிற்கும்போது இந்த இரண்டு நிமிடம்தான் முதலில் பறிபோவது. வெளியே எடுத்து மேசையில் மூடியபடி வைத்தாலும் அதே பலன்தான், வரிசையை மறிக்க வேண்டியதில்லை.

இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். ஈரத்துணியால் மூடினால் ஒரு நிமிடத்தில் புதுசு மாதிரி வரும். சொதியையும் பால்கறியையும் முழு வலுவில் வைத்தால் தேங்காய்ப்பால் திரைந்துவிடும். பாதி வலுவில் வைத்து, நடுநடுவே கலக்க வேண்டும். பாண் மட்டும் இந்த அடுப்போடு ஒத்துப்போகாத சாமான். முதலில் மெத்தென்றிருக்கும், ஆறியதும் றப்பர்.

ஆனால் நன்றாகச் சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வீட்டில் விடிய ஐந்து மணிக்குச் சோறு வடித்து, கட்டிக்கொடுத்து, பிள்ளை அதைப் பையில் போட்டு, பஸ்ஸில் வந்து, மேசைக்கடியில் வைத்து, ஒரு மணிக்குத் திறக்கிறது. எட்டு மணித்தியாலம். கொழும்பின் பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸ் அளவில். கிருமிகள் பெருகுவதற்கு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு வாய்ப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை.

சோற்றில் வருவது பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா. அரிசியிலேயே அதன் வித்திகள் இருக்கும், கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தாலும் அழியாதது. மைக்ரோவேவ் மட்டுமல்ல, எந்த அடுப்பாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆவி பறக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வாந்தி எடுக்கிறவர்கள் "சுடச்சுடத்தானே சாப்பிட்டேன்" என்று சொல்வது அதனால்தான். அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் வந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டை அதில் வையுங்கள். இல்லையென்றால் முதல் நாளிரவு சமைத்து, அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, குளிரூட்டி, காலையில் பனிக்கட்டிப் பொதியோடு கொண்டுபோவது காலையில் சுடச்சுடக் கட்டுவதைவிடப் பாதுகாப்பு. ஒழுங்காக வைத்த உணவை நடுப்பகுதியும் 75 பாகையைத் தொடும்வரை சூடாக்க வேண்டும். உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

குழந்தையின் பால்போத்தலை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். போத்தல் வெளியே இளஞ்சூடாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் பால் வாயை வேகவைக்கும் சூட்டில் இருக்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைப்பதே போதும்.

எதில் வைப்பது?

முதலில் லன்ச் சீட், அதாவது சோற்றுப் பார்சல் சுற்றும் மெல்லிய தாள். 2017 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் இலங்கையில் தடை. கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்த வருடம் அது. தடை வந்தது சூழலுக்காக, ஆனால் வயிற்றுக்கும் அது நல்லதே. ரெஜிபோம் என்பது காற்றடைத்த பொலிஸ்டைரீன். 100 பாகையை நெருங்கும்போதே இளகிவிடும். குழம்பின் தண்ணீர் 100 பாகையில் நிற்கும், மேலே மிதக்கும் எண்ணெய் அதைத் தாண்டிப் போகும். சித்தியின் பெட்டியில் நெளிவு எண்ணெய் மட்டத்தில் விழுந்ததற்கும் அதுவே காரணம். இப்போது கடைகளில் வரும் மக்கும் தாள்களும் சாப்பாடு சுற்றத்தான், சூடாக்க இல்லை. பார்சலைப் பிரித்துத் தட்டில் கொட்டிவிட்டுத்தான் மைக்ரோவேவில் வைக்க வேண்டும். மேலே சுற்றிய பத்திரிகைத் தாளும் கூடாது, தீப்பிடிக்கும். பொதியை மூட அடித்த ஸ்டேப்பிள் கம்பியும், தேயிலைப் பையின் நூலில் இருக்கும் கம்பியும்கூடப் பொறி தட்டும். வாழையிலைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பொலிபுரொப்பிலீன், உருகுநிலை 160 பாகை அளவில், பிளாஸ்டிக்கில் சூடு தாங்குவது இதுதான். 1 தண்ணீர்ப் போத்தல், 3 பிவிசி, 6 பொலிஸ்டைரீன், இவை மூன்றும் வேண்டாம். 7 பலவகைக் கலவை, அதில் பழைய பொலிகாபனேற்றும் அடக்கம். அதிலிருந்து பிஸ்பினோல் ஏ என்ற வேதிப்பொருள் கசிவதால் 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைப் பால்போத்தல்களில் அதைத் தடை செய்தது. ஐஸ்கிரீம் பெட்டி, மாஜரின் டப்பா, யோகட் கோப்பை எல்லாம் குளிரில் ஒருமுறை பாவிக்கச் செய்தவை. அடியில் 5 என்று இருந்தாலும் சுவர் மெல்லியது. கறியை உறைய வைக்க அவை நல்லவை, சூடாக்குவதற்கு முன் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று அடியில் அலைக்கோடு போட்டிருந்தால், அந்தப் பாத்திரம் உருகாது, நெளியாது என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே உணவில் இறங்காது என்று அதற்கு அர்த்தமில்லை. வீட்டில் மஞ்சள் பிடித்துக் கழுவினாலும் போகாத பெட்டிகள் இருக்குமே, அந்த மஞ்சள் எண்ணெயோடு பிளாஸ்டிக்குக்குள் போயிருக்கிறது. உட்பக்கம் வெளுத்து, கீறல் விழுந்து, சொரசொரத்துப்போனவற்றைப் பருப்புப் போட்டு வைக்கப் பாவியுங்கள், சூடு காட்ட வேண்டாம்.

மெலமைன் தட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாத வீடு இங்கே குறைவு. விழுந்தாலும் உடையாது, பீங்கான் மாதிரிப் பளபளக்கும், அதனால் பீங்கான் என்றே நினைத்து உள்ளே வைக்கிறார்கள். அது மெலமைனும் போமல்டிஹைட்டும் சேர்ந்த பிசின். மைக்ரோவேவில் உணவைவிடத் தட்டே முதலில் சூடாகும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் இந்த இரண்டும் உணவில் இறங்கும். பழப்புளி விட்ட மீன் குழம்பு என்றால் இரண்டுமே இருக்கிறது. தாய்வானில் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சூடான நூடில்ஸ் சூப்பை மெலமைன் கிண்ணத்தில் சாப்பிட்டவர்களின் சிறுநீரில், பீங்கான் கிண்ணத்தில் சாப்பிட்டவர்களைவிட மெலமைன் கூடுதலாக இருந்தது. மைக்ரோவேவ்கூட இல்லை, வெறும் சூடான சூப். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் நகத்தால் தட்டிப் பாருங்கள். பீங்கான் கணீரென்னும், மெலமைன் மொத்தென்னும்.

பீங்கான் பொதுவாக நல்லது. மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் உலகத்துக்கே ஏற்றுமதியாகும் போசலின் செய்கிற நாடு இது, நல்ல சாமான் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் சீர்வரிசையாக வந்த, விளிம்பில் தங்கக் கோடு ஓடும் தட்டுகளை அலுமாரியிலேயே வைத்திருங்கள். அந்தக் கோடு உண்மையான உலோகம். அம்மாவின் அப்படியான ஒரு கோப்பையை ஒருமுறை வைத்தபோது விளிம்பைச் சுற்றி நீலப் பொறி ஓடியது. பத்துச் செக்கனுக்குள் நிறுத்தினோம், தங்கம் போய்க் கறுப்புக் கோடு மிஞ்சியது.

உலோகம் என்றால் உடனே வெடிக்கும் என்றில்லை. அடுப்பின் உட்சுவரே உலோகம்தானே. வழவழப்பாகவும் தடிப்பாகவும் இருக்கும் உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். மெல்லிய விளிம்பிலும் கூர்முனையிலும்தான் மின்புலம் குவிந்து பொறி பறக்கும். முள்ளுக்கரண்டி, கசங்கிய அலுமினியத் தாள், தங்கக் கோடு மூன்றும் அந்த வகை. எவர்சில்வர் கிண்ணத்தில் பொறி வராவிட்டாலும், அலை சுவரைத் தாண்டாததால் உணவு மேல் பக்கத்தால் மட்டும் சூடாகும். கிரில், கொன்வெக்சன் வசதிகள் உள்ள அடுப்புகளோடு ஓர் உலோகத் தாங்கி வரும். எந்த முறைக்கு அதை வைக்கலாம் என்று கையேட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மண்சட்டியை நான் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். எருமைத்தயிர் வாங்கினால் வருமே அந்தச் சட்டி. கழுவிக் காயவைத்த வெறும் சட்டியை வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டேன். தண்ணீர் இளஞ்சூடு, சட்டியைத் தொட முடியவில்லை. மேற்பூச்சு இல்லாத மண் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர் கொதிக்கிறது. வேகமாக ஆவியானால் சட்டி வெடிக்கும். எந்தக் குவளையையும் பீங்கானையும் இப்படிச் சோதிக்கலாம்: தண்ணீர் சூடாகி, பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் நல்லது. பிளாஸ்டிக்குக்கு இந்தச் சோதனை செல்லாது. தண்ணீர்க் குவளையை வைக்காமல் வெறும் பாத்திரத்தை மட்டும் ஓடவிடவும் வேண்டாம். உறிஞ்ச ஒன்றுமில்லாத அலை திரும்பி மக்னெட்ரோனையே தாக்கும்.

எல்லாவற்றிலும் நான் விரும்புவது கண்ணாடி. மஞ்சள் பிடிக்காது, மணம் தங்காது, புளியும் எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது. போரோசிலிகேற் என்ற வகை சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அதனால் சட்டென்று வெடிப்பு விழாது. ஜாம் போத்தலும் தண்ணீர்க் கிளாசும் சாதாரணக் கண்ணாடி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே முழுச் சூட்டுக்குப் போனால் பிளக்கலாம். எந்தக் கண்ணாடியானாலும் சூட்டோடு எடுத்து ஈரமான கிரனைற் மேசையில் வைக்காதீர்கள். ஒரு துணியை விரித்து வையுங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு பீங்கான் தட்டால் மூடினால் போதும். பத்துப் பெட்டி வாங்கக் காசு இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றே காணும்.

முட்டையும் தண்ணீரும் கரண்டும்

மைக்ரோவேவால் வரும் காயங்களில் பெரும்பாலானவை வெறும் சூட்டுக் காயங்கள். நீராவி, கொதிநீர், வெடிக்கும் உணவு. லம்ப்ரைஸ் வாங்கி அதன் வாழையிலையோடு சூடாக்குவது கொழும்பில் வழக்கம், இலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இலைக்குள் பெரும்பாலும் ஓர் அவித்த முட்டை முழுதாக இருக்கும். புரியாணிப் பார்சலிலும் அப்படித்தான். கருவுக்குள் அடைபட்ட தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் ஆவியாக வழியில்லாமல் நிற்கும். வெளியே எடுத்து, கடிக்கும் நேரத்தில், வாயிலோ முகத்திலோ வெடிக்கும். இலையைப் பிரித்து, முட்டையை எடுத்து இரண்டாக வெட்டி வைத்துவிட்டுச் சூடாக்குங்கள். உருளைக்கிழங்கு, சொசேஜ், தோலோடு இருக்கும் மீன்தலை எல்லாவற்றிலும் முள்ளால் நாலு குத்து.

தண்ணீரும் அதேபோலத்தான். வழவழப்பான குவளையில் அசையாமல் சூடாகும் தண்ணீர், குமிழி வர இடமில்லாமல் 100 பாகையைத் தாண்டிவிடும், பார்த்தால் கொதிக்காத தண்ணீர். கோப்பித் தூளைப் போட்டதும் ஒரே பாய்ச்சலாக மேலே எழும். தேத்தண்ணிக்குக் கேத்திலைப் பாவிப்பது நல்லது. மைக்ரோவேவ்தான் வழி என்றால் ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள், முடிந்தபின் ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள். எண்ணெயைக் காய்ச்சிப் பொரிக்க முயலவே வேண்டாம். உள்ளே எதுவும் தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள், காற்று இல்லாமல் தானே அடங்கும்.

அடுப்பில் 800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகும் அளவு. சுவரிலிருந்து அது இழுப்பது 1,200 வாட்டுக்கு மேல், அதாவது 230 வோல்ட்டில் ஐந்து அம்பியரைத் தாண்டும். பழைய வீடுகளின் 5 அம்பியர் வட்டப் பின் பிளக்கிலோ, குளிர்சாதனப் பெட்டியும் ரைஸ் குக்கரும் ஏற்கெனவே தொங்கும் மல்டி பிளக்கிலோ இதையும் சொருகினால் வயர் சூடேறும். நேரே சுவரில், 13 அம்பியர் பிளக்கில், எர்த் வயரோடு இருக்க வேண்டும். ஐப்பசி இடிமழையில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். இன்னொன்று, 1,000 வாட் அடுப்புக்கு மூன்று நிமிடம் என்று எழுதிய சமையல் குறிப்புக்கு 800 வாட்டில் மூன்றே முக்கால் நிமிடம் வேண்டும். நடுவில் வேகாமல் போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

போன மாதம் சித்தியின் அடுப்பில், உலோகம் எதுவும் வைக்காமலே பொறி பறந்தது. அவர் பயந்துபோய்விட்டார். அடுப்பின் வெளிமூடியைக் கழற்றிப் பார்ப்போமா என்று கேட்டார், நான் விடவில்லை. மக்னெட்ரோனுக்குப் போவது சுமார் 4,000 வோல்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கொள்ளளவி அந்த மின்னை வைத்திருந்து ஆளைக் கொல்லும். புறக்கோட்டையில் ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் உட்சுவரின் வலப்பக்கத்தில் இருந்த அட்டை போன்ற மைக்காத் தகட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு ரூபாய்க் குற்றி அளவில் கருகிய பொட்டு, அதைச் சுற்றி எண்ணெய் ஊறிய மஞ்சள் வட்டம். தெறித்த குழம்பு காய்ந்து கரியாகி, அந்தக் கரி அலையை இழுத்துப் பொறியாக்கியிருக்கிறது. புதுத் தகட்டைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டிப் பொருத்தி, ஒரு குவளைத் தண்ணீரை வைத்து ஓடவிட்டார். அடுப்பில் வேறு பழுது ஒன்றுமில்லை.

"அம்மா, கறியை மூடிப்போட்டு வையுங்கோ" என்றார். சித்தி, எதால் மூடுவது என்று என்னைப் பார்த்தார்.